கோடு இல்லாத கண்ணாடி: தென்காசியில் வாங்கிய ப்ரோக்ரஸிவ் லென்ஸ் பற்றி ஒரு மதிப்புரை

செங்கோட்டையில் பத்திரம் எழுதும் தொழில் செய்பவன் நான். வயது 57. தூரம், கணினி, படிப்பு மூன்றுக்கும் நடுவில் கோடில்லாமல் ஒரே லென்ஸில் பார்க்க உதவுவது ப்ரோக்ரஸிவ் கண்ணாடி. மூன்று மாதங்களாக நான் அணிந்துவரும் அந்தக் கண்ணாடியைப் பற்றியும், அதை அளவெடுத்துச் செய்து கொடுத்த தென்காசிக் கடையைப் பற்றியும் எழுதுகிறேன். இந்தக் கண்ணாடியை நான் ஐந்து ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். பணம் அதற்குக் காரணமில்லை, பயம்தான் காரணம். அந்தப் பயத்தில் பாதி நியாயமானது, மீதிப் பாதி வெறும் பழக்கத்தின் பிடிவாதம் என்பது அந்தக் கடையின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடையின் பெயரைப் போட வேண்டாமென்று கடைக்காரரே கேட்டுக்கொண்டார். கூட்டம் சேர்ந்தால் நிதானமாக அளவெடுக்க முடியாது என்பது அவர் கட்சி. ஆகவே பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

எனக்கு வெள்ளெழுத்து வந்தது 43 வயதில். கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயது ஏற ஏற இறுகி, கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்காகக் குவியும் திறனை இழப்பதுதான் வெள்ளெழுத்து என்பதும், நாற்பதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ எல்லோருக்குமே அது வரும் என்பதும் அப்போதே மருத்துவர் சொன்னதுதான். தாளை நீட்டி நீட்டிப் பிடித்து, கடைசியில் கை நீளம் போதாமல் போன நாளில் பைஃபோகல் வாங்கினேன். 14 ஆண்டுகள் அதுவே என் முகமாக இருந்தது. மேலே ஊரும் தெருவும் ஆட்களும், கீழே பத்திரமும் கையெழுத்தும், நடுவில் வயலுக்கு நடுவே வரப்பு போல ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டும்போது எழுத்து ஒரு கணம் குதிக்கும். ஆனால் அது எங்கே குதிக்கும் என்பது எனக்குத் தெரியும். நம் வீட்டு நிலைப்படியில் எந்த இடத்தில் தலை குனிய வேண்டும் என்று இருட்டிலும் தெரிவதைப் போல.

பைஃபோகலால் முடியாதது ஒன்று உண்டு. அது தூரத்துக்கும் படிப்புக்கும் மட்டும் வழி செய்கிறதே தவிர, இடைத் தூரத்தைக் கைவிட்டுவிடுகிறது. பத்திரப்பதிவு முழுவதும் கணினிக்கு மாறி, 2018-ல் பதிவுத்துறை ஸ்டார் 2.0 மென்பொருளைக் கொண்டுவந்த பிறகு, எங்கள் தொழில் தாளிலிருந்து திரைக்கு இடம்பெயர்ந்தது. திரை இரண்டடி தூரத்தில் நிற்கிறது. மேல் கண்ணாடிக்கு அது மிகக் கிட்டே, கீழ்க் கண்ணாடிக்கு அது எட்டாத் தொலைவு. நான் செய்ததெல்லாம், மோவாயைத் தூக்கி, உடம்பை மேசைமேல் சாய்த்து, கோட்டுக்குக் கீழே உள்ள சிறு வட்டத்தின் வழியே சர்வே எண்களைப் படித்ததுதான். மாலையில் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒருநாள் சொத்து விவரத்தில் 3 என்று இருந்ததை 8 என்று படித்து சொத்தின் நான்கு எல்லைகளையும் அதற்கேற்ப எழுதிவிட்டேன். கையெழுத்துக்கு முன் உதவியாளர் கண்டுபிடித்திராவிட்டால் திருத்தல் பத்திரம் எழுதிக்கொண்டு அலைந்திருக்க வேண்டும். அந்த 3 தான் என்னைத் தென்காசிக்கு அனுப்பியது.

ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே நான் ஒருமுறை ப்ரோக்ரஸிவ் வாங்கித் தோற்றவன். வேறொரு ஊரில், வேறொரு கடை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டு மாடிப்படியில் இறங்கினேன். ஐந்தாவது படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தெருவில் நடந்தால் தரை தண்ணீரைப் போல அசைந்தது. எதிரே வருபவரின் முகம் பனிக்குள் இருப்பதைப் போலத் தெரிந்தது. “விழுந்து கிழுந்து வைக்காதீங்க, பழசையே போட்டுக்குங்க” என்றாள் மனைவி. நான்காம் நாள் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டேன். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. ‘கொஞ்ச நாள்ல பழகிடும் சார்’ என்ற ஒரே பதில்தான் அந்தக் கடையில் கிடைத்தது. அதன் பிறகு, ப்ரோக்ரஸிவ் வாங்கலாமா என்று கேட்டவர்களையெல்லாம் நான் தடுத்து நிறுத்தினேன். ஒரு தோல்வியை வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டுகள் அறிஞனாகத் திரிந்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தென்காசிக் கடை பெரியதல்ல. கோயில் கோபுரம் தெரியும் ஒரு தெருவில், மாடியில், ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் சுவரெல்லாம் பிரேம்களுமாக இருக்கிறது. நான் போன நேரத்தில் புனலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் மலையாளத்தில் விலை பேசிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அவர்களுக்கு மலையாளத்திலும் எனக்குத் தமிழிலும் மாற்றி மாற்றிப் பதில் சொன்னார், இரண்டிலும் விலையைக் குறைக்கவில்லை. என் முறை வந்ததும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, மருத்துவர் சீட்டைக் கேட்கவில்லை. “இப்போ போட்டிருக்கிறதைக் கழட்டிக் குடுங்க அண்ணாச்சி. வேற பழசு ஏதாவது இருந்தா அதையும் காட்டுங்க” என்றார். இழுப்பறையில் ஐந்து ஆண்டுகள் கிடந்த ப்ரோக்ரஸிவையும் நல்லவேளையாகப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ப்ரோக்ரஸிவ் லென்ஸ் எதுவானாலும் அதன் பரப்பில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இரண்டு சிறு குறிகள் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதும், அவற்றில் ஒன்றின் கீழ் படிப்புப் பவர் எவ்வளவு கூட்டப்பட்டிருக்கிறது என்ற எண் இருக்கும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் ஊர் சர்வே கல்லைப் போல அவற்றை ஆதாரமாக வைத்து, கருவிழி எங்கே வந்து நிற்க வேண்டும் என்று பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு கண்ணாடியை என் முகத்தில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தார். புள்ளி என் கருவிழிக்கு 4 மில்லிமீட்டர் மேலே நின்றது.

“நேரே பாத்தாலே பாதிப் படிக்கிற பவருக்குள்ள இறங்கிட்டீங்க அண்ணாச்சி. படியில தடுமாறாம என்ன செய்யும்?”

அத்துடன் இன்னொன்றும் இருந்தது. இரு கருவிழிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை முதல் கடையில் மொத்தமாக 64 மில்லிமீட்டர் என்று எடுத்து, இருபுறமும் 32 என்று சரிபாதியாகப் பிரித்திருக்கிறார்கள். தனித்தனியாக அளந்தபோது வலது 33.5, இடது 30.5. என் மூக்கு நடுநாயகமாக இல்லை என்பதை 57 வயதில் அறிந்துகொண்டேன். பைஃபோகலில் இந்த வேறுபாடு பெரிய தொல்லை தராது. ப்ரோக்ரஸிவில் பார்வை போகும் பாதை குறுகலானது. அதில் கண் ஓரமாக நடந்தால் எழுத்து கலங்கத்தான் செய்யும். ஐந்து ஆண்டுகளாக நான் ‘எனக்கு ஒத்துவராது’ என்று சொல்லிவந்தது என் உடம்பைப் பற்றிய உண்மை இல்லை, ஓர் அளவுப் பிழையைப் பற்றிய உண்மை. இதைக் கேட்டபோது மகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது.

லென்ஸின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது புரியாமல் வாங்குபவர்களே பாதியில் கழற்றிவிடுகிறார்கள். இரண்டு பவரை ஒரே சட்டத்தில் வைப்பது பழைய யோசனை; பெஞ்சமின் பிராங்க்ளின் இரண்டு கண்ணாடிகளை வெட்டி ஒன்றாகப் பொருத்திக்கொண்டதை 1785-ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கோடே இல்லாமல் மேலிருந்து கீழாகப் பவர் சிறிது சிறிதாக ஏறும் லென்ஸை வெற்றிகரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தது பிரான்சில், 1959-ல், பெர்னார் மெத்தனா வடிவமைத்த வேரிலக்ஸ். மேல்பகுதி தூரத்துக்கு, அதிலிருந்து ஒரு குறுகிய ஓடை போல நடுவில் இறங்கும் பாதை கணினிக்கு, அடியில் உள்ள சிறு குளம் படிப்புக்கு. மேலிருந்து கீழே பவரை இப்படிச் சீராக ஏற்றினால் ஓடையின் இரு கரைகளிலும் கலங்கல் சேர்ந்தே தீரும். இது செய்பவரின் குறையல்ல, வடிவக் கணக்கின் விதி. விலை கூடிய லென்ஸ்கள் அந்தக் கலங்கலை ஓரத்துக்குத் தள்ளிப் பரப்பிவிடும், ஓடையைக் கொஞ்சம் அகலமாக்கும், அவ்வளவுதான். ‘ஓரமே கலங்காது’ என்று எந்தக் கடையில் சொன்னாலும் எழுந்து வந்துவிடலாம்.

இந்தக் கடையில் அப்படிச் சொல்லவில்லை. மூன்று விலையில் காட்டி, நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிரேமுடன் சேர்த்து 6,800 ரூபாய் ஆயிற்று. நான் ஆசைப்பட்ட மெல்லிய பிரேமை அவர் மறுத்துவிட்டார். பிரேமின் உயரம் குறைவாக இருந்தால் அடியில் உள்ள படிப்புப் பகுதி வெட்டுப்பட்டுவிடும் என்பது காரணம். பிரேமைத் தேர்ந்து, மூக்கிலும் காதிலும் படியும்படி வளைத்துச் சரிசெய்த பிறகே அளவெடுத்தார். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். திரையின் நீல ஒளிக்கென்று விற்கும் நீலக் கோட்டிங் ஒன்றைச் சேர்த்து 900 ரூபாய் கூட்டப் பார்த்தார், வேண்டாமென்றேன், முகம் சுளிக்கவில்லை. பத்து நாளில் தருகிறேன் என்று சொல்லி 16 நாள் ஆக்கியது மட்டும் குறை. இடையில் இரண்டு முறை நானே கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

கண்ணாடி வந்த நாளில், லென்ஸின் மேல் மஞ்சள் மையில் அச்சிட்டிருந்த குறிகளை அழிக்காமலே என் முகத்தில் மாட்டி, கருவிழிக்கு நேரே சிலுவைக் குறி நிற்கிறதா என்று பார்த்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் எனக்கும் காட்டி, அதன்பிறகே ஸ்பிரிட்டால் துடைத்தார். வாங்கப் போகிறவர்கள் இதை வற்புறுத்திக் கேட்க வேண்டும். துடைத்துவிட்டுக் கையில் கொடுக்கும் கடையில் நாமாகச் சரிபார்க்க எளிய வழி இல்லை.

அடுத்து அவர் செய்த காரியம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. என் பைஃபோகலை எடுத்துத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். “பழசு கையில இருந்தா நீங்க மூணாவது நாளே அதுக்குத் திரும்பிடுவீங்க. பதினஞ்சு நாள் கழிச்சு வந்து வாங்கிக்குங்க” என்றார். கோபம் வந்தது. என் பொருளை என்னிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள இவர் யார் என்று தோன்றியது. கேட்கவும் செய்தேன். வேண்டுமென்றால் இப்போதே தருகிறேன், ஆனால் உங்கள் ஐந்து ஆண்டுக் கதையை நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். பதில் இல்லாமல் படியிறங்கினேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

முதல் மூன்று நாட்கள் நன்றாக இல்லை; இதை மறைப்பது வாசகருக்குச் செய்யும் துரோகம். வீட்டு நடையின் தரை ஓரங்களில் மேலெழும்பி வளைந்தது. நிலைப்படியைத் தாண்டும்போது காலைத் தேவைக்கு மேல் தூக்கி வைத்தேன். பேரன் அதைப் பார்த்து நடித்துக் காட்டினான். பத்திரத்தின் வரி நீளமானது. கண்ணை மட்டும் நகர்த்திப் படித்தால் வரியின் தொடக்கமும் முடிவும் கலங்கின. பைஃபோகல் கற்றுத்தந்தது கண்ணை நகர்த்து, தலையை அசைக்காதே என்பது. இதுவோ தலையைத் திருப்பு, மூக்கு எங்கே காட்டுகிறதோ அங்கே பார் என்கிறது. 14 ஆண்டுப் பாடத்தைக் கழுத்து மறக்க வேண்டும். கண் ஒரு வாரத்தில் பழகிவிட்டது என்றே சொல்வேன். கழுத்துக்குத்தான் இரண்டு வாரம் ஆயிற்று. இரு சக்கர வண்டியை அந்த வாரம் முழுவதும் தொடவில்லை. புளியரை எஸ் வளைவில் காய்கறி லாரிகளுக்கு நடுவே பக்கக் கண்ணாடியை ஓரக்கண்ணால் பார்ப்பது என் பழக்கம். ஓரக்கண் போகும் இடத்தில்தான் இந்த லென்ஸின் கலங்கல் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் வேலையாகப் புனலூர் போக வேண்டியிருந்ததால் கொல்லம் ரயிலில் ஏறினேன். இந்தப் பாதையில் 1904-ல் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் வண்டியை அகலப்பாதைக்காக 2010-ல் நிறுத்தியபோது, மலையின் அழகே போய்விடும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். 2018-ல் வண்டி மறுபடி வந்தது. மலை அங்கேயேதான் இருந்தது. பகவதிபுரம் தாண்டிக் குகையைக் கடந்து ஆரியங்காவுப் பக்கம் இறங்கும்வரை கையிலிருந்த ஒரு பழைய ஆதாரத்தை, அதாவது சொத்துப் பத்திரத்தை, படித்துக்கொண்டு வந்தேன். கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலம் வந்ததும் பழைய பழக்கத்தில் ஓரக்கண்ணால் பார்த்தேன். பச்சைக் கலங்கலாக ஏதோ ஒன்று ஓடியது. பிறகு முகத்தை முழுதாகத் திருப்பினேன். பள்ளத்தாக்கும், கீழே சாலையும், வளைவில் திரும்பும் எங்கள் வண்டியின் முன்பெட்டிகளும் துல்லியமாகத் தெரிந்தன. திரும்பிக் குனிந்தால் மடியில் இருந்த ஆதாரத்தின் எழுத்து அப்படியே நின்றது. நடுவில் எதுவும் குதிக்கவில்லை. அந்தக் குதிப்பு இல்லாததை நான் கவனித்தது அப்போதுதான். அதாவது அதற்கு முந்தைய நாட்களிலேயே அது போய்விட்டிருக்கிறது, நான்தான் தடுமாற்றங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆதாரம், மலையாளிகளின் ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில் 1110 என்று தேதியிட்டது, 1934-35 வாக்கில் எழுதியது. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; என் தாத்தா அதன் பிறகும் சாகும்வரை வரவுசெலவுப் புத்தகத்தில் கொல்லம் ஆண்டையே போட்டுவந்தார். அவருக்கு அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. அதை ஆங்கில ஆண்டாக்க 824-ஐயோ 825-ஐயோ கூட்டிக் கூட்டிப் பார்க்கும் சிரமம் என்னுடையதாயிற்று. பிடிவாதம் எங்கள் வீட்டுச் சொத்து, அதற்கு வில்லங்கச் சான்று தேவையில்லை.

மூன்று மாதங்களுக்குப் பிறகு இதன் குறைகளையும் தெளிவாகச் சொல்ல முடிகிறது. நாள் முழுவதும் கணினியில் மட்டும் வேலை செய்பவருக்கு இந்த லென்ஸ் போதாது. நடு ஓடை குறுகலானதால் அகலத் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். திரையைச் சற்றுக் கீழே இறக்கி வைத்த பிறகுதான் எனக்கு மோவாய் உயர்வது நின்றது. மேசை வேலைக்கென்று இடைத் தூரத்தையும் கிட்டத்தையும் மட்டும் அகலமாகக் காட்டும் வேறு லென்ஸ் உண்டு; கைவசம் பணம் இருந்தால் அலுவலகத்துக்கு அதை இரண்டாவதாக வைத்துக்கொள்வதே மேல். பீரோவின் மேல்தட்டிலுள்ள கட்டுகளின் பெயர்களைக் கிட்டே நின்று படிக்க முடிவதில்லை, ஏனெனில் தலை தூக்கிப் பார்க்கும் இடத்தில் தூரப் பவர்தான் இருக்கிறது. படுத்துக்கொண்டு படிப்பது பெரிய வதை.

எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இரு கண்களின் பவரிலும் பெரிய வித்தியாசம் உள்ளவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக்கூடாது. படிக்கட்டில் கால் வைக்கும்போது கீழ்ப்பகுதி வழியே பார்த்துத் தடுமாறி விழும் ஆபத்து வயதானவர்களுக்கு உண்டு. பைஃபோகலிலும் அது உண்டு. எழுபதைத் தாண்டிய என் மாமா இதே கண்ணாடியைக் கேட்டபோது, வெளியே நடக்கத் தூரக் கண்ணாடி ஒன்று, பேப்பர் படிக்க ஒன்று என்று இரண்டாகவே வாங்கச் சொன்னார் கடைக்காரர். விற்பனை குறைந்தாலும் அப்படிச் சொன்னதை அவர் பக்கம் வரவு வைக்கிறேன். பழைய கண்ணாடியைப் பூட்டி வைக்கும் அவருடைய வழியையும் எல்லோரிடமும் செய்வது சரியில்லை. எனக்கு அது பலித்தது. தினமும் வண்டியோட்டிப் பிழைப்பவரிடம் அப்படிச் செய்தால் அது வம்பு. அத்தகையவருக்கு, வீட்டில் புதியது, சாலையில் பழையது என்று சில நாட்கள் வைத்துக்கொள்வதே பொருத்தம் என்று அவரிடமே சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

பதினைந்தாம் நாள் போய் என் பைஃபோகலைக் கேட்டேன். எடுத்துத் துடைத்து, தளர்ந்திருந்த திருகை முறுக்கி, காசு வாங்காமல் கொடுத்தார். அங்கேயே மாட்டிப் பார்த்தேன். கடைத் தரையும் மேசை விளிம்பும் நடுவில் இரண்டாக வெட்டுப்பட்டு நின்றன; இதையா 14 ஆண்டுகள் போட்டுக்கொண்டிருந்தேன் என்று கழற்றிவிட்டேன். அது இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. படுத்துக்கொண்டு படிப்பதற்கு அதுதான் வசதி.